சத்தம் பதியாத காமிரா

தொக்தார் அண்ணனுக்குக் காமிரா தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பதினோரு வருஷமாக இந்தப் புல்வெளி மாவட்டத்தில் காமிரா விற்கிறேன். கம்பத்தில் ஏறி நானே மாட்டுகிறேன். பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், வெங்காயக் கிடங்கு என்று எல்லாம் பார்த்தாயிற்று. குதிரைக்காரர்களைப் போல வீம்பு பிடித்த ஆட்களை வேறெங்கும் பார்த்ததில்லை. நானும் குதிரைக்காரர் வீட்டுப் பெண்தான், அதனால் திட்ட எனக்கு உரிமை உண்டு.

அக்டோபர் கடைசியில் அவர் குளிர்காலத்தில் குதிரைகளோடு தங்கும் பட்டி வீட்டுக்குப் போனேன். டவுனிலிருந்து நாற்பது கிலோமீட்டர், பாதி தூரம் தார் கிடையாது. இரண்டு இலையுதிர்காலத்தில் அவருக்கு ஆறு குதிரை போயிருந்தது. முறைக்கு மூன்றாக, குளிர்கால இறைச்சிக்கு அடிக்கப்போகும் நேரம் பார்த்து, கொழுத்ததாகப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். மிச்சம் பதினொன்று. அதுவும் போனால் அவர் டவுனுக்கு வந்து யார் கடை வாசலிலாவது காவலுக்கு நிற்க வேண்டியதுதான்.

குதிரை போனதைவிட மோசமான ஒன்றும் நடந்திருந்தது. முதல் திருட்டின்போது நாய் குரைக்கவே இல்லை. அதை வைத்துத் தொக்தார் அண்ணன் ஒரு விருந்தில், அத்தனை பேர் நடுவில், "நம்ம வீட்டுல சாப்பிட்டவன்தான் எடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தன் தங்கை புருஷனைப் பார்த்தார். பேர் சொல்லவில்லை, பார்த்தார். தங்கை ஷாயிம் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனவள்தான். இரண்டு வருஷமாக அண்ணன் தங்கைக்குள் பேச்சில்லை. குளிர்காலத்துக்குக் குதிரை அடிக்கும்போது கட்டிக்கொடுத்த பெண்ணுக்கென்று பிறந்த வீட்டில் ஒரு பங்கு எடுத்து வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். இரண்டு குளிர்காலமும் ஷாயிமுக்கு அந்தப் பங்கு போகவில்லை. மாவட்டம் முழுக்கத் தெரிந்த கதை இது.

ஆக, அவருக்குக் காமிரா வேண்டியிருந்தது குதிரையைக் காப்பாற்ற மட்டும் இல்லை. அன்றைக்குத் தான் பார்த்த பார்வை சரிதான் என்று காட்டவும் வேண்டியிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

வட்ட மேசையில் மூன்று பெட்டிகளைப் பிரித்து வைத்தேன். அவர் மனைவி ரௌஷன் அண்ணி பால் தேநீர் ஊற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இது சின்னதா இருக்கே, விலை மட்டும் ஏன் பெருசு?" என்றார் தொக்தார் அண்ணன்.

"அந்தப் பெருசு குளிர்ல செத்துரும்ணே. இது பூஜ்யத்துக்குக் கீழ நாப்பதுலயும் முழிச்சிருக்கும். ஆள் வர்றது நூறு மீட்டர்ல தெரியும். மூஞ்சி தெரியணும்னா இருபது மீட்டர். அதனால முதல்ல கேட்டுக்கு ஒண்ணு."

"கேட்டுக்கு வேணாம்."

"என்னண்ணே சொல்றீங்க? வர்றவன் வாசல் வழியாத்தானே வருவான்?"

"விருந்தாளியும் அதே வழியாத்தான் வருவான். வர்றவன் மூஞ்சிக்கு நேரா அதை நீட்டி வச்சா, வாய் திறந்து கூப்பிடறதுக்கு முன்னாடியே நீ திருடனான்னு கேட்ட மாதிரி ஆகும். எங்கப்பா காலத்துலருந்து இந்த வீட்டுல யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்ல."

'நீங்க விருந்துல கேட்டீங்களே' என்று நாக்கு நுனி வரை வந்தது. தேநீரோடு சேர்த்து விழுங்கினேன். கடைசியில் பட்டிக்கு ஒன்று, லாயத்துக்கு ஒன்று, வண்டி நிற்கும் முற்றத்துக்கு ஒன்று என்று முடிவானது.

"இந்த ரகம் பேச்சையும் பதியும். விலை கொஞ்சம்தான் கூட" என்றேன்.

"பேச்சு எதுக்கு? திருடன் என்ன பாட்டா பாடப்போறான்?"

ரௌஷன் அண்ணி சிரித்தாள். "முற்றத்துல நான் இவரைத் திட்டுறது பூரா பதிவாயிடும்னு பயம், மைரா. வேற ஒண்ணுமில்ல."

"பதிஞ்சா எத்தனை ஹார்ட் டிஸ்க் வாங்குறது? எனக்குக் கட்டுப்படி ஆகாது" என்றார் அவர்.

நானும் சிரித்துவிட்டுச் சத்தம் பதியாத ரகத்தை எடுத்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ரெக்கார்டரை எங்கே வைப்பது என்பதில் அண்ணியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். விலை உயர்ந்த சாமான் என்றால் மரப்பெட்டிக்குள் வைத்து அதன் மேல் மெத்தைகளை அடுக்கத்தான் எங்கள் பெண்களுக்குத் தெரியும். "அண்ணி, அது சூடாகும். உள்ள வச்சா மூச்சு முட்டிச் செத்துரும்" என்றால், "மூச்சு விடறதுக்கு அது என்ன குழந்தையா?" என்று கேட்கிறாள். ஒருவழியாக இறைச்சி தொங்கும் குளிர் அறையில், அலமாரியில், பேட்டரியோடு வைத்தேன்.

கடைசியாக எச்சரிக்கை மணி. "குதிரை நடந்தா அடிக்காது, ஆள் வந்தா அடிக்கும். படமும் வரும். ரெண்டு போனுக்கு அனுப்பலாம். உங்களுக்கு ஒண்ணு, அண்ணிக்கு ஒண்ணு."

"இவளுக்கு வேணாம். இன்ஸ்பெக்டர் காபித்துக்குப் போடு."

"நேரா போலீஸுக்கேவா?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அது நம்ம ஆளாத்தான் இருப்பான், மைரா. மூஞ்சியைப் பாத்தா எனக்கு மனசு இளகிடும். எனக்கு என்னைத் தெரியும். நானே நினைச்சாலும் அழிக்க முடியாதபடி பண்ணிக் குடு."

பண்ணிக் கொடுத்தேன். அழிப்பதற்கான ரகசிய எண்ணை என்னிடம்கூட வைத்துக்கொள்ளாமல் காபித்திடம் ஒப்படைத்தேன். "இனி உங்க அப்பாவே எழுந்து வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், தொக்தார் அண்ணன் டவுனில் என் கடைக்கு வந்தார். வைக்கோல் போர்ப் பக்கம் மறைவாக இருக்கிறது, நாலாவது காமிரா வேண்டும் என்றார். ரௌஷன் அண்ணி பக்கத்து ஊரில் ஒரு தொட்டில் விருந்துக்குப் போயிருந்தாள். பட்டியில் நாய் மட்டும்தான்.

"பாதுகாப்புக்குப் பழகிட்டீங்க போல. இந்தத் தடவை பேசுறது வேணுமா, ஊமையா?" என்று கிண்டலாகக் கேட்டேன். அவர் பதில் சொல்ல வாய் திறந்தபோது அவருடைய போன் அடித்தது.

திரையில் அவருடைய முற்றம். நீல நிற பிக்கப் ஒன்று, பின்னால் குதிரை ஏற்றும் இழுவண்டி. நாய் சக்கரத்தை மோந்து பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"நாய் குரைக்கல" என்றார் அவர். முகம் வெளுத்துவிட்டது. "பாத்தியா? குரைக்கல."

வண்டியிலிருந்து ஒருவன் இறங்கினான். தொப்பி மறைத்ததில் முகம் தெரியவில்லை. நேராகப் பட்டிக்குள் போனான். வாசலிலேயே இரண்டு வயசுக் கொழுத்த ஆண் குதிரை நின்றது, கயிறு போட்டால் வந்துவிடும். அதைத் தாண்டிப் போனான். மூலையில் நின்ற சாம்பல் நிறப் பெட்டைக்கு முகக்கயிறு மாட்டினான். ஒன்பது வயசு, சதை இல்லாதது.

"அதை ஏன் எடுக்குறான்?" என்றார் தொக்தார் அண்ணன். "கொழுத்ததை விட்டுட்டு அதை எதுக்கு?"

அவன் அதை நிதானமாக வண்டியில் ஏற்றினான், பட்டிக் கதவைச் சாத்தினான், தாழ் சரியாக விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு முற்றத்துக் காமிராவுக்குக் கீழே வந்து நின்று, தொப்பியைக் கழற்றி, நிமிர்ந்து பார்த்தான்.

ஷாயிமின் மகன் ஜாந்தோஸ். இருபத்து நாலு வயசு. எங்களைப் பார்த்துப் பேசினான். அரை நிமிஷம் பேசினான். உதடு அசைந்தது, வாயிலிருந்து ஆவி பறந்தது, ஒரு வார்த்தையும் வரவில்லை.

"என்ன சொல்றான்? மைரா, என்ன சொல்றான்? சத்தத்தை ஏத்து."

"சத்தம் கிடையாதுண்ணே. நீங்க வேணாம்னு சொன்னீங்க."

வண்டி கிளம்பிப் போய்விட்டது. தொக்தார் அண்ணன் வெற்று முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மந்தையிலிருந்து மருமகன் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம். மாமன் மூக்கால் அழலாம், ஊரெல்லாம் திட்டலாம், ஆனால் திருட்டு என்று மட்டும் சொல்லக் கூடாது. அவன் எடுத்தது அப்படித்தான் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

"அழி" என்றார். "மைரா, அதை அழி."

"என்னால முடியாது. காபித் போனுக்கும் போயாச்சு."

சொல்லி முடிக்கும்முன் போன் மறுபடி அடித்தது. இன்ஸ்பெக்டர் காபித். குரலில் அவ்வளவு உற்சாகம். "பெரியவரே, மாட்டிக்கிட்டான்! பாலத்துக் காவலுக்குச் சொல்லிட்டேன், இருபது நிமிஷத்துல பிடிச்சுருவாங்க. ஸ்டேஷனுக்கு வாங்க."

ஸ்டேஷன் என் கடைக்கு எதிரில்தான். நான் கடையைப் பூட்டாமல் கூடவே போனேன்.

காபித் எங்கள் இனத்தான்தான், ஆனால் நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். குதிரையைத் தட்டில்தான் பார்த்திருக்கிறான். வந்து ஒரு வருஷம் ஆகிறது, இதுவரை ஒரு திருடனையும் பிடித்ததில்லை. மேலிடத்திலிருந்து வாரா வாரம் திட்டு.

"மொத்தம் ஏழு குதிரை" என்று எழுதிக்கொண்டே சொன்னான். "கால்நடைத் திருட்டுக்கு இப்ப சட்டம் கடுமை. ஆறேழு வருஷம் உள்ள இருப்பான்."

"ஏழா? ஒண்ணுதானே எடுத்திருக்கான்?"

"பழைய ஆறை வேற யார் எடுத்தது? நாய் குரைக்காத ஆள்தான் எடுத்தான்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இன்னைக்கும் குரைக்கல. படத்துல இருக்கு."

தொக்தார் அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அது நான் குடுத்தது. அவன் என் தங்கச்சி மகன். நான்தான் வந்து ஓட்டிக்கிட்டுப் போடான்னேன்."

காபித் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். முட்டாள் இல்லை அவன். "சரி. எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஆனா பையனைத் தனியா கேப்பேன். ரெண்டும் ஒத்துப்போனா குதிரையோட எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஒத்துப்போகலைன்னா அவன் திருட்டுக்கு உள்ள, நீங்க பொய் வாக்குமூலத்துக்கு."

அவர் எழுதினார், கையெழுத்துப் போட்டார். எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"அவன் என்ன சொல்லுவான்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று மெல்லக் கேட்டேன்.

"தெரியும்" என்றார். "பதினேழு வயசுல நானும் எங்க மாமன் மந்தையிலருந்து ஒண்ணை ஓட்டிக்கிட்டு வந்தேன். மாமன் குடுத்தாரான்னு எவனாவது கேட்டிருந்தா மூக்கை உடைச்சிருப்பேன்."

அதுதான் விஷயம். எங்கள் பையன்களில் ஒருத்தன்கூட மாமா கொடுத்தார் என்று சொல்ல மாட்டான். கொடுத்தது என்றால் பிச்சை, எடுத்தது என்றால் உரிமை. அந்த ஒரு வார்த்தையில் ஒரு பையனுடைய ஆறேழு வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது. போன் பண்ணிச் சொல்லலாம் என்றால் அவன் போன் இந்நேரம் போலீஸ்காரன் பையில் இருக்கும்.

ஜாந்தோஸைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கையில் விலங்கு இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் ஆள். எங்களைப் பார்த்ததும் நின்றான். கோபம்கூட இல்லை அவன் முகத்தில். நம்ப முடியாமல் பார்த்தான்.

"போலீஸ்ல சொல்லிட்டீங்களா, மாமா?"

தொக்தார் அண்ணன் எழுந்தார். "டேய், கேளு—"

"பேசக் கூடாது" என்று போலீஸ்காரன் அவனை உள்ளே தள்ளினான். கதவு முழுதாகச் சாத்தவில்லை. ஒவ்வொரு சொல்லும் எங்களுக்குக் கேட்டது.

"இந்தக் குதிரையை உன் மாமா குடுத்தாரா?"

ஜாந்தோஸ் சிரித்தான். "குடுத்தாரா? ரெண்டு வருஷமா எங்கம்மாவுக்கு ஒரு எலும்புத் துண்டுகூடக் குடுக்காதவரு குதிரை குடுப்பாரா? நான் எடுத்தேன். நான் அவருக்கு மருமகன், எடுத்தேன். எழுதிக்கங்க."

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. யாரையும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தொக்தார் அண்ணன் பின்னாலேயே வந்தார்.

"இன்ஸ்பெக்டர், பதினோரு வருஷமா திருடனுங்க மூஞ்சியைப் பாக்குறதுதான் என் பொழப்பு" என்றேன். "ஒருத்தன்கூட பட்டப்பகல்ல வந்து, தொப்பியைக் கழட்டி, காமிராவைப் பாத்துப் பேசினது கிடையாது. கொழுத்ததை விட்டுட்டு எலும்பை எடுத்துட்டுப் போனதும் கிடையாது. பட்டித் தாழை ரெண்டு தடவை சரிபார்த்தான். எந்தத் திருடன் பார்ப்பான்?"

"என்ன பேசினான்?"

"மாமா, அம்மாவோட பங்கை எடுத்துட்டுப் போறேன்னு சொன்னேன்" என்றான் ஜாந்தோஸ். "அந்தச் சாம்பல் குதிரை குட்டியா இருக்கும்போது தாய் செத்துப்போச்சு. அம்மாதான் எங்க வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புட்டிப்பால் குடுத்து வளத்துத் திருப்பி அனுப்பினாங்க. அதை மட்டும் எடுத்துக்கறேன், மத்ததைத் தொடலன்னு சொன்னேன். காமிரா வச்சிருக்காரே, கேட்டுக்குவாருன்னு நினைச்சேன்."

காபித் என் பக்கம் திரும்பினான். "சத்தம் இருந்தா நானும் கேட்டிருப்பேன். ஏன் ஊமைக் காமிராவை வித்தீங்க?"

எனக்கு மூக்கு உடைந்தது.

அவன் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "பெரியவரே, கடைசியா கேக்குறேன். நீங்க குடுத்தீங்களா, இவன் எடுத்தானா? எடுத்தான்னு சொன்னா உங்க தாளைக் கிழிச்சுடறேன். நீங்க வீட்டுக்குப் போகலாம். இவன் மட்டும்தான்."

ஜாந்தோஸ் இப்போதுதான் மாமன் எழுதியிருந்த தாளைப் பார்த்தான். படித்தான். அதைக் காபித் பக்கமே தள்ளி வைத்தான். சொன்ன சொல்லை மாற்றுகிற ரத்தம் இல்லை அது, மாமனுக்கும் இல்லை.

"ஒரு போன் பண்ணிக்கறேன்" என்றார் தொக்தார் அண்ணன்.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி பண்ணுங்க" என்றான் காபித்.

எண்ணைத் தேடவில்லை. மனப்பாடமாக அழுத்தினார். நாலு தடவை மணி அடித்தது.

"யாரு?" என்றாள் ஷாயிம்.

"நான்தான்."

அவள் வைத்துவிடுவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஷாயிம், அந்தச் சாம்பல் குதிரையை உன் பையன்கிட்ட அனுப்பிருக்கேன். உன் பங்கு."

"அண்ணே, நீ எங்கருந்து பேசுற? ஜாந்தோஸ் போனை எடுக்க மாட்டேங்கறான். எங்க என் பையன்?"

அவர் காபித்தைப் பார்த்தார். காபித் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"போலீஸ் ஸ்டேஷன்ல" என்றார்.

அந்தப் பக்கம் மூச்சு உள்ளே இழுக்கும் சத்தம். பிறகு அவள் கேட்டாள், காபித் கேட்ட அதே கேள்வியை. "அவன் எடுத்தானா, நீ குடுத்தியா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தை பிசகினால் எல்லாம் முடிந்தது.

"ரெண்டு வருஷமா உன்னோடதை நான்தான் எடுத்து வச்சுக்கிட்டேன், ஷாயிம்" என்றார் தொக்தார் அண்ணன். குரல் உடைந்தது. "அன்னைக்கு உன் புருஷனைப் பார்த்தேனே, அந்தக் கண்ணு அவிஞ்சு போகட்டும். உங்க வீட்டுல யாரும் என் குதிரையைத் தொடல. அன்னைக்கே எனக்குத் தெரியும். கோவத்துல பார்த்துட்டேன். அப்புறம் அதை வாபஸ் வாங்க வாய் வரல. இப்ப இங்க இருக்கறவங்க எல்லாரும் கேக்கட்டும். அந்தக் குதிரை உன்னுது. நான் குடுக்கறேன்."

அவள் அழவில்லை. அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். "என் பையனைக் கூட்டிக்கிட்டு வா" என்றாள். "இதையெல்லாம் என்கிட்ட சொல்லாத. அவரு முன்னாடி வந்து சொல்லு." வைத்துவிட்டாள்.

எல்லோரும் ஜாந்தோஸைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தது. இதைவிட உள்ளே போவது அவனுக்குச் சுலபம் என்று எனக்குத் தோன்றியது. எங்கே அந்த வீம்பிலேயே நின்றுவிடுவானோ என்று பயந்து செத்தேன்.

"எழுதுங்க" என்றான். "மாமா குடுத்தாரு."

"முன்னாடி எடுத்தேன்னு சொன்னியே?"

"அது திமிருல சொன்னது. அவருதான் குடுத்தாரு."

புதுத் தாளில் கையெழுத்துப் போட்டான். தொக்தார் அண்ணன் அவன் பேனா பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே, மறைக்கக்கூட முயலாமல், அழுதார். காபித் பழைய தாளை நாலாகக் கிழித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவனுக்கும் எங்கோ ஒரு தாய்மாமன் இருக்க வேண்டும்.

ஷாயிம் வீடு அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். தொக்தார் அண்ணன் அந்த பிக்கப்பிலேயே ஏறிப் போனார். வழி முழுக்க உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வந்தது என்று ஜாந்தோஸ் பின்னால் என்னிடம் சொன்னான். அந்த வீட்டு வாசலில் இறங்கி, தங்கை புருஷன் எதிரில் நின்றாராம். அத்தனை நேரம் ஒத்திகை பார்த்ததில் ஒன்றுகூட வெளியே வரவில்லையாம். அந்த மனுஷன் இழுவண்டிப் பக்கம் நடந்துகொண்டே, "முதல்ல குதிரையை இறக்குவோம் மச்சான், விறைச்சுப் போயிருக்கும்" என்றாராம்.